பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

சனிக்கிழமை மாலை வகுப்புக்கு வருகிறவர்களுக்கு என் பழக்கம் தெரியும். பாடம் ஆரம்பிக்கும் முன்னே வெள்ளைப் பலகையில் எதையாவது எழுதிவிட்டு, "இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று உட்கார்ந்துவிடுவேன். போன மாதம் எழுதியது இது: லெப்டினன்ட் ஜெனரல் சோரவர் சந்த் பக்ஷி, பி.வி.எஸ்.எம்., எம்.வி.சி., வி.ஆர்.சி., வி.எஸ்.எம்.

"டாக்டரா சார்?" என்றான் ஒருவன். "நிறைய படிச்சிருக்காரு போல" என்றாள் இன்னொருத்தி.

படிப்பு இல்லை. நான்கும் பதக்கங்கள். இந்திய ராணுவத்தில் மிக அதிகமாக விருது பெற்ற ஜெனரல் என்று இவரைச் சொல்வார்கள். நண்பர்களுக்கு 'சோரு'. 1921-ல் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, 2018 மே மாதம் தம் 96-ஆம் வயதில் மறைந்தார்.

இந்த நான்கில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. முதல் குடும்பம் வீரத்துக்கு. பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா என்று மூன்று படிகள். எதிரியின் முன்னிலையில் காட்டிய துணிச்சலுக்கு மட்டுமே இவை கிடைக்கும். 1950 ஜனவரி 26-ல் ஏற்படுத்தி, 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்த செயல்களுக்கும் செல்லும்படி செய்தார்கள். பக்ஷியின் எம்.வி.சி.யும் வி.ஆர்.சி.யும் இந்தக் குடும்பம். இரண்டாவது குடும்பம் சிறந்த சேவைக்கு: பரம் விசிஷ்ட சேவா, அதி விசிஷ்ட சேவா, விசிஷ்ட சேவா பதக்கங்கள். இவை 1960-ல் வந்தவை. முதலில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு என்று இருந்ததை 1967-ல் இந்தப் பெயர்களுக்கு மாற்றினார்கள். மூன்றுக்குமே ரிப்பன் பொன்மஞ்சள் நிறம். நடுவில் கருநீலக் கோடு ஒன்று இருந்தால் பரம், இரண்டு இருந்தால் அதி, மூன்று இருந்தால் வெறும் விசிஷ்ட சேவா. கோடு குறையக் குறைய மதிப்பு கூடும். இந்திய ராணுவ அதிகாரியின் படத்தை அடுத்த முறை பார்க்கும்போது எண்ணிப் பாருங்கள்.

பரம் வீர் சக்ராவை பக்ஷி பெறவில்லை. ஆனாலும் அதன் வடிவத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. வரைந்தவர் சாவித்திரி கானோல்கர் என்ற அம்மையார். பிறப்பால் சுவிட்சர்லாந்துக்காரர், இந்திய ராணுவ அதிகாரி ஒருவரை மணந்து இந்துவானவர். அந்த வெண்கலப் பதக்கத்தில் இந்திரனின் வச்சிராயுதத்தை நான்கு முறை பதித்தார். விருத்திராசுரனை வெல்ல ததீசி முனிவர் தம் உயிரையே விட்டு முதுகெலும்பைத் தந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த எலும்புதான் வச்சிரம். இதுவரை அந்தப் பதக்கம் பெற்ற 21 பேரில் 14 பேருக்கு இறந்த பிறகே கிடைத்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த அம்மையார் எவ்வளவு யோசித்து வரைந்திருக்கிறார் என்று புரியும்.

சரி, பலகைக்கு வருவோம். எழுத்துகளின் வரிசையை கவனித்தீர்களா? முதலில் நிற்பது சேவைப் பதக்கம். போர்க்களத்து மகா வீர் சக்ரா அதற்குப் பின்னால். இந்திய அரசின் அதிகாரபூர்வ வரிசை அப்படித்தான் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னதும் பையன்கள் பொறுக்கவில்லை. "உயிரைப் பணயம் வெச்சவரு பின்னாலயா? ஆபீஸ்ல உட்கார்ந்தவரு முன்னாலயா?" என்று ஒரே சத்தம். எனக்கும் அந்த வரிசை முழுச் சம்மதம் இல்லை. நம் நாட்டு வரிசையில் வீரத்துக்கான செரி பாஹ்லாவான் காகா பெர்காசா எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. அதுதான் சரியென்று படுகிறது. ஆனால் 'ஆபீஸ்ல உட்கார்ந்தவர்' என்ற பேச்சை மட்டும் நான் விடவில்லை. அந்த எழுத்துகளை அவர் வாழ்க்கை நடந்த வரிசையில் மாற்றி எழுதச் சொன்னேன்.

1943-ல் பலூச் ரெஜிமெண்டில் அதிகாரியாகச் சேர்ந்தார். பர்மாவில் ஜப்பானியரோடு போரிட்டு, தளபதியின் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்படும் சிறப்பைப் பெற்றார். அதற்குத் தனிப் பதக்கம் கிடையாது, ரிப்பனில் குத்திக்கொள்ள ஒரு சின்ன வெண்கல இலைதான். பிறகு மலாயாவை மீட்க வந்த படைகளோடு இங்கேயும் வந்திருக்கிறார். 1945 செப்டம்பரில் மோரிப்பிலும் போர்ட்டிக்சனிலும் கரையிறங்கியவை பெரும்பாலும் இந்தியப் படைப்பிரிவுகள். நாம் வருஷா வருஷம் சாப்பாட்டுக் கூடையோடு போகிற அதே மோரிப்தான்.

1947-ல் நாடு பிரிந்தது. பிறந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போனது, பலூச் ரெஜிமெண்டும் போனது. இவர் 5-ஆம் கூர்க்கா ரைபிள்ஸுக்கு மாறினார். தொடர்ந்து வந்த காஷ்மீர்ப் போரில் வீர் சக்ரா. 1949-ல் புத்த பிக்கு வேடத்தில் திபெத்துக்குள் 80 நாள், சுமார் 400 கிலோமீட்டர் வேவு பார்த்துத் திரும்பினார். அதற்கு மெக்கிரிகர் பதக்கம். அது அரசு தருவதில்லை, ஒரு ராணுவ ஆய்வுக் கழகம் தருவது. அதனால் பெயருக்குப் பின்னால் அதற்கு எழுத்து இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் ஐ.நா. படையில் காங்கோ. அங்கே செய்த பணிக்கு விசிஷ்ட சேவா.

அடுத்தது 1965, ஹாஜி பீர் கணவாய். உயரம் 2,637 மீட்டர். அதன் வழியே ஊரிக்கும் பூஞ்சுக்கும் 56 கிலோமீட்டர்தான், சுற்றிப் போனால் 282. அந்த ஆகஸ்டில் காஷ்மீருக்குள் ஊடுருவியவர்களுக்கு அது முக்கியமான வழி. 68-ஆம் படையணியின் பிரிகேடியராக பக்ஷிக்கு அதைப் பிடிக்கும் பொறுப்பு. முதல் ராத்திரி சாங்க் என்ற சிகரத்தில் நடந்த தாக்குதல் தோற்றது. செங்குத்தான சரிவு, மேலிருந்து கடும் சூடு. மறுநாள் ராத்திரி திரும்ப ஏறச் சொன்னார். 27-ஆம் தேதி விடியும் முன் சிகரம் கையில். அன்று ராத்திரியே மேஜர் ரஞ்சித் சிங் தயாள் ஒரு சிறு படையோடு நேரே கணவாய்க்குப் போக முன்வந்தார், பக்ஷி ஒப்புக்கொண்டார். மழையில் இரவெல்லாம் ஏறி, 28-ஆம் தேதி காலை பிடித்துவிட்டார்கள். இருவருக்கும் மகா வீர் சக்ரா.

"ஏறினவரு தயாள். கீழே நின்னவருக்கு எதுக்கு?" என்று கேட்டாள் முன்பு 'படிச்சிருக்காரு' என்ற அதே பிள்ளை. நல்ல கேள்வி. முதல் நாள் தோற்றுவந்த அதே ஆட்களை மறுபடி அனுப்புகிறவன் இடத்தில் நின்று பாரும்மா என்றேன். தோற்றால் போகப்போவது தன் உயிர் இல்லை, மற்றவர்கள் உயிர். அதைத் தெரிந்தே சொல்லவேண்டிய வார்த்தை அது. அவள் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

1966 ஜனவரியில் தாஷ்கண்ட் ஒப்பந்தம். ஹாஜி பீர் திரும்பக் கொடுக்கப்பட்டது. வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. மலை போனது, பதக்கம் இருந்தது. பக்ஷி அதோடு நிற்கவில்லை. 1971 போரில் 26-ஆம் டிவிஷனை நடத்தி 'கோழிக்கழுத்து' என்று பெயர் வைத்திருந்த பகுதியைப் பிடித்தார். பர்மா முதல் இதுவரை எல்லாம் சேர்ந்த அந்த நீண்ட உழைப்புதான், பலகையில் முதலில் நிற்கும் பரம் விசிஷ்ட சேவா. "ஆபீஸ்ல உட்கார்ந்தவரு" என்ற சத்தம் அதற்குப் பிறகு வரவில்லை.

இதை நான் ஏன் இவ்வளவு வம்படியாகப் பேசினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா நம் ராணுவத்தில் 21 வருஷம் லாரி ஓட்டினார். துப்பாக்கிச் சண்டை எதுவும் பார்த்ததில்லை. எல்லைப்பக்க முகாம்களுக்கு அரிசியும் எண்ணெயும் ஏற்றிப்போவார். நாலாம் வகுப்பில் நான் கூட்டாளிகளிடம், அப்பா காட்டில் சண்டை போட்டு வீரப் பதக்கம் வாங்கினார் என்று அளந்துவிட்டேன். ஒருநாள் அவர்களில் ஒருவன் வீட்டுக்கு வந்து அப்பாவிடமே கேட்டுவிட்டான். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவனிடம், "இல்ல தம்பி, நான் டிரைவர்" என்றார். திட்டவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்த வகுப்பு முடிந்த இரவு வீட்டுக்குப் போய், அவர் பதக்கங்கள் கிடக்கும் மைலோ டின்னை எடுத்து மேசையில் கொட்டினேன். இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை. "இது எதுக்குப்பா?" அப்பா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். நான் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "வரிசை தப்பு" என்று சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்து மாற்றி வைக்க ஆரம்பித்தார்.