ஒரு நொடிச் சேறு

புரட்டாசியில் திருவையாறு பக்கம் சம்பா நடவு பார்த்திருக்கீங்களா? நாற்றுமுடியைச் சேற்றுக்குள்ள வீசும்போது நம்ம கண்ணுக்கு அது வெறும் 'சளக்'. அதையே மொபைலில் நொடிக்கு 240 ஃபிரேமில் எடுத்து 24-ல் ஓட்டிப் பாருங்க. ஒரு நொடி 10 நொடியாக விரியும். சேற்றுத்தண்ணி சுவர் மாதிரி எழும்பும், விளிம்பு விரல் விரலாகப் பிரியும், அப்புறம்தான் துளியாகச் சிதறும்.

இதுக்கு முதல் தேவை வெளிச்சம். 240-ல் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 1/240 நொடி. 24-ல் கிடைக்கிற வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான்! நான் முதல் தடவை சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்தேன். வந்தது புள்ளி புள்ளியாக ஒரே இருட்டு. ரூமுக்குள்ள எடுத்தாலும் சிக்கல்தான். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சோக் வெச்ச பழைய டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும், வீடியோவும் துடிக்கும். 1957-ல் ஹெரால்ட் எட்ஜர்டன் பால்துளி கிரீடமாகத் தெறிப்பதைப் படம் பிடித்ததும் கண்சிமிட்டும் நேரத்தைவிடச் சின்ன ஃபிளாஷ் வெளிச்சத்தில்தான்.

அதனால நல்ல வெயிலில் போங்க. ஃபோகஸ், எக்ஸ்போஷர் ரெண்டையும் லாக் பண்ணிட்டு, அவர் கையை ஓங்குறதுக்கு முன்னாடியே ரெக்கார்ட் அழுத்துங்க. தவறிட்டா, "அண்ணே, இன்னொரு தடவை"ன்னு கேட்காதீங்க. நமக்கு அது ஷாட், அவருக்கு வேலை. அடுத்த முடி வரைக்கும் காத்திருங்க.