பேகம்பேட் மருத்துவமனையும் ஆராய்ச்சி உதவியாளரின் பணியும்

ஹைதராபாத் நகரைச் சேர்ந்த பேகம்பேட்டில், 2008ஆம் ஆண்டு வரை பயணிகள் விமானங்கள் வந்திறங்கிய பழைய விமான நிலையத்திற்கு அருகே, பழமையான கட்டடம் ஒன்று உள்ளது. உஸ்மானியாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த அக்கட்டடம் இன்று ஸர் ரொனால்ட் ராஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1897இல் அது சென்னைக் காலாட்படையின் 19ஆம் பிரிவுக்குரிய சிறு மருத்துவமனையாக இருந்தது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலினுள் வளர்கிறது என்பதற்கு முதற் சான்று அவ்விடத்தில்தான் கிடைத்தது. இக்கண்டுபிடிப்பைப் பற்றிப் பாடநூல்கள் கூறும்போது ராஸின் பெயரை மட்டுமே கூறுகின்றன. கொசுப்புழுக்களைத் தேடிக் கொணர்ந்தவர், அவற்றைப் புட்டிகளில் வளர்த்தவர், சுவரில் அமர்ந்திருந்த கொசு ஒன்றின் நிலை வேறாக இருப்பதைக் கண்டு சொன்னவர், நோயுற்றுப் படுத்திருந்தும் கொசுக்கடிக்கு உடன்பட்டவர் ஆகியோர் அம்மருத்துவமனையில் ஆற்றிய பணி யாது என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாகும். இன்று தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையங்களில் உதவியாளராகப் பணியாற்றுவோர் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை அன்றே அங்கு உருப்பெற்றுவிட்டன.

முதலில் அக்காலத்து அறிவின் நிலையை அறிந்துகொள்ளுதல் வேண்டும். மலேரியா நோயாளிகளின் குருதியில் நுண்ணுயிர் ஒன்று இருப்பதை பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவரான் 1880இல் அல்ஜீரியா நாட்டின் கான்ஸ்டன்டைன் நகரில் கண்டறிந்தார். ஆனால் அவ்வுயிர் ஒருவரிடமிருந்து மற்றவரை எவ்வாறு சென்றடைகிறது என்பது விளங்கவில்லை. யானைக்கால் நோய்க்குக் காரணமான புழு கொசுவினுள் வளர்வதைச் சீனாவில் கண்டிருந்த பாட்ரிக் மான்ஸன், மலேரியாவிலும் கொசுவுக்குப் பங்கு இருக்கக்கூடும் எனக் கருதினார். கிருமியை உறிஞ்சிய கொசு நீரில் இறந்து கிடக்க, அந்நீரைக் குடிப்பவருக்கு நோய் வரும் என்பது அவரது ஊகம். ஊகத்தின் முற்பாதி சரி, பிற்பாதி தவறு. இந்திய மருத்துவப் பணியிலிருந்த ராஸ் 1894இல் விடுமுறையில் லண்டன் சென்றபோது மான்ஸனிடம் இதைக் கேட்டறிந்து, மறு ஆண்டு சிகந்தராபாத்திற்குத் திரும்பியதும் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பயன் கிட்டவில்லை. காலரா தடுப்பு வேலைக்காக இடையில் பெங்களூருக்கு அனுப்பப்பட்டதும், உதகைக்குச் சென்றபோது தாமே மலேரியாவால் தாக்குண்டதும் தடைகளாக அமைந்தன. எனினும் தோல்விக்கு முதன்மையான காரணம் வேறு. வீட்டிலும் மருத்துவமனையிலும் எளிதாகக் கிடைத்த சாம்பல் நிறக் கொசுக்களையும் வரிக்கொசுக்களையுமே அவர் மீண்டும் மீண்டும் அறுத்துப் பார்த்தார். மனித மலேரியாவைப் பரப்பும் ஆற்றல் அவ்வினங்களுக்கு இல்லை. எது கைக்கு எட்டுகிறதோ அதையே ஆராய்வது என்பது இன்றும் களப்பணியில் காணப்படும் குறைபாடே. சாலையோரத்து வீடுகளில் மட்டும் கொசுப் பிடித்துவிட்டு ஊர் முழுமைக்கும் கணக்கெழுதுவது இதே வகையைச் சேர்ந்தது.

1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16ஆம் நாள் நிலைமை மாறியது. ராஸ் மருத்துவமனைக்கு வந்தபோது அங்கிருந்த ஹாஸ்பிடல் அஸிஸ்டென்ட், சுவரில் அமர்ந்திருந்த சிறிய கொசு ஒன்றைச் சுட்டிக் காட்டினார். அதன் வாற்பகுதி சுவரை விட்டு வெளிநோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அதே சமயம், கொசுப்புழு சேகரிப்பதற்காக அமர்த்தப்பட்டிருந்த ஆட்கள் கொணர்ந்த புட்டியிலும் பழுப்பு நிறமும் புள்ளியிட்ட சிறகுகளும் கொண்ட கொசுக்கள் ஒரு டஜன் அளவில் பொரித்து வெளிவந்திருந்தன. புட்டியின் வாயை மூடியிருந்த வலைத்துணியின் உட்புறத்தை அவை மொய்த்துக்கொண்டிருந்தன. உசேன் கான் என்னும் நோயாளியின் குருதியில் பிறை வடிவக் கிருமிகள் நிறைய இருந்தன. அவரைக் கொசுவலைக்குள் படுக்கச் செய்து, நண்பகலில் கொசுக்களை உள்ளே விட்டனர். சில நிமிடங்களில் பத்துக் கொசுக்கள் வயிறு நிறையக் குருதி உறிஞ்சின. கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் உசேன் கானுக்குப் பத்து அணாக்கள் கிடைத்தன.

அக்கொசுக்களை உயிருடன் காத்து, ஒவ்வொன்றாக அறுத்துப் பார்க்கும் வேலை அடுத்து நடந்தது. சில தாமாகவே இறந்தன. ஆகஸ்டு 20ஆம் நாள் எஞ்சியவற்றுள் ஒன்றை ராஸ் எடுத்துக்கொண்டார். புழுக்கம் மிகுந்த நாட்கள் அவை. அறுத்த கொசுவின் மெல்லிய உறுப்புகள் பறந்துவிடும் என்பதனால் விசிறியைப் பயன்படுத்த இயலாது. நெற்றி வியர்வை பட்டு நுண்பெருக்கியின் திருகுகள் துருவேறியிருந்தன; கண்ணாடியிலும் விரிசல் கண்டிருந்தது. உடலின் மற்ற உறுப்புகளை எல்லாம் பார்த்து முடித்து வயிற்றுப் பகுதிக்கு வந்தபோது, வயிற்றுச் சுவரில் ஏறத்தாழ 12 மைக்ரான் விட்டமுள்ள உருண்டையான உயிரணு ஒன்று தென்பட்டது. அதனுள் கருநிறத் துகள்கள் இருந்தன. கொசுவின் உயிரணுக்களில் அத்தகைய துகள்கள் இருப்பதில்லை. மலேரியாக் கிருமியிலோ அவை உண்டு. மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தபோது அதே வகை உயிரணுக்கள் முன்னிலும் பெரியனவாகக் காணப்பட்டன. வளர்ச்சி நிகழ்கிறது என்பதற்கு அதுவே சான்று. இம்முடிவு அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் நாள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வரலாற்றில் உதவியாளரின் பங்கு மூன்று இடங்களில் தெளிவாகப் புலப்படுகிறது.

முதலாவது, நோக்கும் திறன். அனாபிலிஸ் இனக் கொசு அமரும்போது அதன் தலை, மார்பு, வயிறு ஆகியவை ஒரே நேர்கோட்டில் சாய்ந்து, வாற்பகுதி மேல்நோக்கி நிற்கும். கியூலெக்ஸ், ஏடிஸ் இனங்கள் சுவருக்கு இணையாகக் கூன் விழுந்தாற்போல் அமரும். இன்று பள்ளி மாணவருக்கும் தெரிந்த இவ்வேறுபாடு அன்று எந்த நூலிலிருந்தும் பேகம்பேட்டுக்கு வந்ததன்று. நாள்தோறும் அவ்வறையில் புழங்கிய ஒருவரின் கண்ணுக்கு அது பட்டது. அதைவிட முக்கியமாக, அது சொல்லத் தக்கது என அவருக்குத் தோன்றியது. ஹாஸ்பிடல் அஸிஸ்டென்ட் என்போர் மருத்துவ அதிகாரிக்கு அடுத்த படியில் பணிபுரிந்த, மருத்துவப் பயிற்சி பெற்ற இந்தியப் பணியாளராவர். பிற்காலத்தில், 1923இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் ராஸ் இந்நிகழ்ச்சியை எழுதியுள்ளார். அம்மனிதரின் பெயர் தமக்கு மறந்துவிட்டதற்கு வருந்துவதாகவும் அதிலேயே குறிப்பிடுகிறார். கொசுவைக் கண்ட நேரமும், அது உட்கார்ந்திருந்த நிலையும் எழுத்தில் நிலைத்துவிட்டன. கண்டவர் பெயர் நிலைக்கவில்லை.

இரண்டாவது, வளர்ப்பு. வெளியில் பறந்து திரியும் கொசு முன்னர் யாரைக் கடித்தது, எத்தனை நாள் வாழ்ந்தது என்பதை எவரும் அறிய முடியாது. அதன் வயிற்றில் கிருமி காணப்பட்டாலும், அது எந்த நோயாளியிடமிருந்து வந்தது எனக் கூற இயலாது. நீரிலிருந்து கூத்தாடியாக எடுத்து, கூட்டுப்புழுவாகி, புட்டிக்குள்ளேயே சிறகு முளைத்து வந்த கொசு எவரையும் கடித்திராதது என்பது உறுதி. ஆகவே புட்டியில் வளர்த்த கொசுவைக் கொண்டு செய்த சோதனைக்கே மதிப்பு உண்டு. இந்த வளர்ப்பு வேலை பார்வைக்கு எளிது. செய்வதற்குப் பொறுமை வேண்டும். நீர் கெட்டால் புழு இறக்கும். எறும்பு ஏறினால் கொசு எஞ்சாது. வலைத்துணியில் சிறு கிழிசல் இருந்தாலும் ஒரு வார உழைப்பு பறந்துவிடும்.

மூன்றாவது, பதிவு. எந்தப் புட்டி எங்கிருந்து வந்தது, எந்தக் கொசு எந்நாளில் யாரைக் கடித்தது, எத்தனையாவது நாளில் அறுக்கப்பட்டது என்னும் விவரங்கள் குழம்பியிருக்குமாயின், நான்காம் நாளைய உயிரணுவைவிட ஐந்தாம் நாளையது பெரிது என்று கூற வழியே இருந்திராது. இன்று பூச்சி மாதிரிகளுடன் வைக்கப்படும் சீட்டில் இடம், நாள், பிடித்த முறை ஆகியவற்றோடு சேகரித்தவர் பெயரும் எழுதப்படுகிறது. ஐயம் எழும்போது அவரையே கேட்டுத் தெளிய வேண்டியிருப்பதால் இது வெறும் மரியாதைக்காக ஏற்பட்ட வழக்கமன்று.

உசேன் கானின் பங்கு இவற்றினின்று வேறுபட்டது. அவர் உதவியாளர் அல்லர், நோயாளி. படை மருத்துவமனையில் படுத்திருந்த ஏழை நோயாளி ஒருவர், அதிகாரி கேட்கும்போது மறுக்கும் நிலையில் இருந்தாரா என்ற கேள்வி எழாமல் இராது. காசு கொடுக்கப்பட்டது என்பது அக்கேள்விக்கு விடையாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2000ஆம் ஆண்டிலும், விரிவாக 2017ஆம் ஆண்டிலும் வெளியிட்ட அறநெறி விதிகளின்படி, ஆராய்ச்சியின் நோக்கத்தையும் அதிலுள்ள இடரையும் பங்கு பெறுவோருக்குப் புரியும் மொழியில் எடுத்துக் கூறி, அவரது இசைவைப் பெறுதல் வேண்டும். இசைந்தவர் எப்பொழுது வேண்டுமாயினும் விலகிக்கொள்ளலாம். விலகியதனால் அவரது சிகிச்சை குறைவுபடலாகாது. இப்படிவத்தை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வாசித்துக் காட்டுபவர் பெரும்பாலும் ஆராய்ச்சி உதவியாளரே. கையொப்பம் வாங்குவதை மட்டும் வேலையாகக் கருதி விரைந்து முடிப்போரும் உண்டு. படிப்பறியாதவரிடம் பெருவிரல் ரேகை பெறும்போது, ஆராய்ச்சியைச் சாராத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதும் விதியாகும்.

பேகம்பேட்டில் கண்டது பாதி வழியே ஆகும். வயிற்றில் வளர்ந்த கிருமி மீண்டும் மனிதரை எவ்வாறு அடைகிறது என்பது அங்கு தெரியவில்லை. 1898இல் கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிகளைச் சென்றடைவதை ஜூலை மாதத்தில் ராஸ் கண்டார். நோயற்ற பறவைகள் கொசுக்கடியால் நோயுற்றதும் நிறுவப்பட்டது. குடிநீர் ஊகம் அத்துடன் கைவிடப்பட்டது. அங்கு அவருக்கு உதவிய முகம்மது பக்ஸ், கிஷோரி மோகன் பந்தோபாத்யாய ஆகியோரின் பெயர்களேனும் நமக்குக் கிடைத்துள்ளன. அதே ஆண்டில் இத்தாலியில் கிராஸியும் அவர் குழுவினரும் மனித மலேரியாவை அனாபிலிஸ் பரப்புவதை மெய்ப்பித்தனர்.

சுதந்திர இந்தியாவில் இவ்வேலை பெருமளவில் விரிந்தது. 1947இல் ஆண்டுதோறும் ஏறத்தாழ 7.5 கோடிப் பேர் மலேரியாவால் தாக்குண்டு, 8 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் தொடர்ந்த ஒழிப்புத் திட்டமும் இத்தொகையை 1965இல் ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைத்தன. பின்னர் 1976இல் அது 64 லட்சமாக உயர்ந்தது. டி.டி.டி. மருந்தைத் தாங்கும் ஆற்றலைக் கொசுக்கள் பெற்றதும், கண்காணிப்பு தளர்ந்ததும் இதற்குரிய காரணங்களிற் சில. கண்காணிப்பு என்பது கிராமங்களில் பூச்சி சேகரிப்போர் விடியற்காலையில் உறிஞ்சு குழாயும் டார்ச் விளக்கும் கொண்டு மாட்டுக் கொட்டில்களிலும் வீடுகளிலும் செய்யும் வேலையே. மூவர் 2 மணி நேரத்தில் 24 கொசுக்களைப் பிடித்தால் ஆள்–மணி ஒன்றுக்கு 4 எனக் கணக்கிடுவர். பிடித்த நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதினால் இவ்வெண் பயனற்றதாகும். பிழையான எண்ணைவிட எண்ணே இல்லாமை மேல். பிழை, கொசு குறைந்துவிட்டது என்ற நம்பிக்கையை உண்டாக்கிவிடும்.

உலக அளவில் 2023ஆம் ஆண்டில் 26.3 கோடிப் பேர் மலேரியாவுக்கு உள்ளாயினர். 5,97,000 பேர் இறந்தனர். இறந்தோரில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்க மக்கள். அங்கு இப்பொழுது புதிய கவலை ஒன்று தோன்றியுள்ளது. சென்னை போன்ற நகரங்களில் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகும் அனாபிலிஸ் ஸ்டீபன்சை என்னும் கொசு, 2012இல் ஜிபூட்டியிலும் 2016இல் எத்தியோப்பியாவிலும் காணப்பட்டு, மேலும் பரவி வருகிறது. அதைத் தடுத்து நிறுத்த உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் தனி முயற்சியைத் தொடங்கியது. ஆப்பிரிக்காவின் பழைய மலேரியாக் கொசுக்கள் பெரும்பாலும் ஊர்ப்புறக் குட்டைகளைச் சார்ந்தவை. நகரத்துத் தொட்டிகளில் டெங்குக் கொசுவை மட்டும் தேடிப் பழகிய பணியாளர் ஸ்டீபன்சையின் கூத்தாடியையும் அதுவெனவே எண்ணி ஒதுக்கிவிடக்கூடும். இரண்டும் ஒரே தொட்டியில் இருப்பதுண்டு. ஏடிஸ் கூத்தாடி சுவாசக் குழலை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அனாபிலிஸ் கூத்தாடிக்குச் சுவாசக் குழல் இல்லை. அது நீர்மட்டத்தை ஒட்டிக் கிடையாக மிதக்கும். வகுப்பில் இதைக் காட்ட விரும்பும் ஆசிரியர் இவ்விரண்டையும் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் இட்டு, வலைத்துணியால் இறுகக் கட்டி, கூட்டுப்புழுப் பருவம் வருமுன்னரே நீரை உலர்ந்த மண்ணில் கொட்டிவிடுதல் வேண்டும்.