கேரவனில் நோம்பிக்கு வரும் மாப்பிள்ளைக்கு

பெருமாநல்லூர்,
மார்கழி 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமன் எழுதுவது. பொங்கல் நோம்பிக்குக் கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அம்மாவையும் பெண்சாதி பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து வருகிறேன், ஒரே வாரத்தில் சொந்தபந்தம் அத்தனை பேரையும் பார்த்துவிடுவேன் என்று போனில் சொன்னாய். கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. பத்திரிகை வைக்கவும் துக்கம் கேட்கவும் மட்டுமே சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற காலத்தில், சும்மா பார்க்க வருகிறேன் என்று ஒருவன் சொல்வது சின்ன விஷயமில்லை.

வண்டியிலேயே படுத்து, போகிற வழியிலேயே ஆக்கித் தின்பது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கும் அந்தியூர் குருநாதசாமி கோயில் விசேஷத்துக்கும் கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே சமுக்காளம் விரித்துக் குடும்பத்தோடு போனவர்கள்தான் நம் பெரியவர்கள். சந்தை கலையும்வரை வண்டிதான் வீடு. ஆனால் திரும்புகிற வழியில் சொந்தக்காரர் ஊர் வந்தால், மாட்டை அவர்கள் கட்டுத்தரையில் கட்டிவிட்டு அவர்கள் திண்ணையில்தான் படுப்பார்கள். அங்கேயும் வண்டியிலேயே படுத்தால் அந்த வீட்டை அவமதித்த மாதிரி ஆகிவிடும்.

நான் சொல்ல வந்ததும் அதுதான். வண்டியில் கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் இருக்கிறது என்றாய். இருக்கட்டும். அதற்காக யார் வீட்டிலும் 'எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிடாதே. காங்கயம் பெரியம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. நீ வருகிறாய் என்றால் விடிவதற்கு முன்னமே எழுந்து சந்தகைக்கு மாவு வேகவைப்பாள். பிழிவதற்குத்தான் இன்னொரு ஆள் வேண்டும். நீ போய்ப் பிடியை அழுத்து, அவள் கீழே தட்டைப் பிடித்துக்கொண்டு பழைய கதையெல்லாம் சொல்வாள். வண்டியில் பிரெட் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு எழுந்து வந்தால் அந்தப் பேச்சு உனக்குக் கிடைக்காது. பட்டிப் பொங்கல் அன்று ராத்திரி அங்கேயே தங்கு. சாணியில் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டி, மாட்டை அதில் மிதிக்கவிட்டுக் கூட்டிப்போவதை உன் பிள்ளைகள் பார்க்க வேண்டும். தோட்டத்து இட்டேரிக்குள் வண்டியை விட்டுவிடாதே. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, பெயின்ட் முழுக்கக் கீறிவிடும். வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

திருப்பூரில் இருக்கிற உன் சித்தி மகள் வீட்டுக்கு மட்டும் இதை மாற்றிச் செய். அவள் இருப்பது லைன் வீடு. பத்துக்குப் பத்தில் ஒரே அறை, வாசலில் ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ். நீங்கள் வருவதாகச் சொன்ன நாளிலிருந்து, எல்லோரையும் எங்கே படுக்கவைப்பது என்ற ஒரே கவலைதான் அவளுக்கு. என்னிடமே இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அங்கே உன் கேரவன் பெரிய உதவி. சாப்பாடு அவள் கையால், படுக்கை உன் வண்டியில். சாயங்காலம் அவளையும் அவள் பிள்ளைகளையும் வண்டிக்குள் உட்காரவைத்து, உன் பெண்சாதி ஒரு காபி போட்டுக் கொடுக்கட்டும். எல்லோருக்கும் ஆக்கிப் போட்டே பழகியவள், ஒரு நாளாவது விருந்தாளியாக உட்காரட்டும். இந்த வண்டியை எடுத்ததற்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தோன்றவில்லை.

அவளைப் பார்க்கிற நாளையும் பார்த்து வை. இப்போது கோடை ஆர்டர் ஓடுகிற சமயம். கம்பெனி லீவு விடுகிறவரை ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வீடு வந்து சேருவாள். அவள் வீட்டுக்காரருக்கு நிட்டிங்கில் நைட் ஷிப்ட், பகலில்தான் தூக்கம். பகல் பதினோரு மணிக்குப் போய் ஹாரன் அடித்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், அன்று ராத்திரி மிஷின் முன்னால் கண் சொருகிக்கொண்டு நிற்பார். லீவு விட்ட பிறகு போ.

இன்னொன்று தண்ணீர். கேரளத்தில் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை கொண்டுவந்து, வாகமண்ணில் கேரவன் பார்க்கும் அமைத்தார்கள். அந்த மாதிரி இடத்தில் கரண்ட், தண்ணீர், கழிவுக்கு வழி எல்லாமே இருக்கும். நம் பக்கம் அந்த வசதி கிடையாது. சொந்தக்காரர் வாசலில் நிறுத்தி, அவர்கள் குழாயில் ஓஸைச் சொருகத்தான் தோன்றும். சொருகாதே மாப்பிள்ளை. திருப்பூருக்குக் குடிக்கிற தண்ணீர் பவானியிலும் காவிரியிலும் எடுத்து, ஐம்பது கிலோமீட்டர் போலக் குழாயில் வருகிறது. அதுவும் தினமும் வருவதில்லை. வருகிற அன்றைக்குக் குடம், டிரம், அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைத்துத்தான் அடுத்த முறைவரை ஓட்டுகிறார்கள். உன் வண்டித் தொட்டி ஒரு தடவை நிறைந்தால் உன் சித்தி மகள் வீட்டு டிரம் காலி. கேட்டால் மறுக்கமாட்டாள், அதனால்தான் கேட்கக் கூடாது. பெருந்துறைப் பக்கமே பெட்ரோல் பங்க்கில் நிரப்பிக்கொண்டு வா. கரண்டும் அப்படித்தான். லைன் வீட்டில் சப் மீட்டர், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டு ஓனர் கறந்துவிடுவார். வண்டி ஏசிக்கு அங்கே ஒயர் இழுக்காதே.

வண்டியின் கழிவுத் தொட்டியை ஓடையிலோ சாக்கடையிலோ திறந்துவிடவே கூடாது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்ன ஊர் இது. எத்தனை குடும்பம் அப்போது வேலையில்லாமல் நின்றது என்று நான் கண்ணால் பார்த்தவன். சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டில்தான் இன்று பட்டறைகள் ஓட வேண்டியிருக்கிறது. நம் வீட்டுக்கு வா, இங்கே செப்டிக் டேங்க் பெரிசு, நானே ஏற்பாடு செய்கிறேன்.

வழி சொல்கிறேன். திம்பம் குறுக்கு வழி என்று யாராவது சொன்னால் கேட்காதே. 27 கொண்டை ஊசி வளைவு, ராத்திரியில் வண்டி விடுவதும் இல்லை, உள்ளே பாத்திரமெல்லாம் உருளும், அக்காவுக்கு, அதான் உன் அம்மாவுக்கு, தலைசுற்றல் வேறு. ஓசூர், சேலம், பவானி, பெருந்துறை வழியாக அகல ரோட்டிலேயே வந்துவிடு. வண்டி கேரவன் என்றே பதிவானதா, தமிழ்நாட்டுக்குப் பெர்மிட் எடுத்து வரியும் கட்டியிருக்கிறதா என்று வாடகைக்காரரிடம் ஆர்.சி. புத்தகத்தையே வாங்கிப் பார். சாதா வேனில் கட்டில் அடித்துக் கொடுக்கிறார்கள் சிலர். கம்பெனி தயாரித்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

நீ அனுப்பிய பட்டியலில் ஏழு வீடு எழுதியிருக்கிறாய். நாலாகக் குறைத்துக்கொள். மிச்சம் மூன்று வீட்டுக்குச் சித்திரையில் வருகிறேன் என்று இப்போதே போன் செய்து சொல்லிவிடு. வாசலில் அரை மணி நேரம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினால், வராமல் இருந்ததைவிட அதிகம் வருத்தப்படுவார்கள். பல்லடம் சித்தப்பா வீட்டில் தறி ஓடிக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தத்தில் உன் சின்னவள் தூங்கமாட்டாள்; அங்கே மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பலாம், சித்தப்பாவே அப்படித்தான் சொல்வார். உன்னோடு படித்த பையன், செக்கிங் யூனிட் வைத்திருக்கிறானே, அவனை மறந்துவிட்டாய் போல. அந்த நாலு வீட்டோடு அவனையும் சேர். அவன் அப்பா போனபோது நீ வர முடியவில்லை.

அக்காவுக்கு முழங்கால் வலி. கேரவன் படி உயரமாக இருக்கும், ஒரு மர முக்காலி எடுத்துக்கொள். ஊத்துக்குளி வெண்ணெய் காய்ச்சி நெய்யாக எடுத்து வைத்திருக்கிறோம், திரும்பும்போது கொண்டுபோகலாம். என்றைக்குக் கிளம்புகிறாய் என்று எழுது. சின்னவளுக்கு 50 சைஸ் பனியன் போதுமா, 55 எடுக்க வேண்டுமா என்று உன் அத்தை கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
மாமன்