மன உறுதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

புகைப்பதை விட நினைப்பவர்கள் பலரும் முதலில் தேடுவது மன உறுதியை. அது வந்த பிறகு விடலாம் என்று காத்திருப்பதுதான் தவறு. புகையை இழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. காலைத் தேநீர், சாப்பாடு முடிந்த நேரம், பேருந்துக்கு நிற்கும் நேரம் என்று ஒவ்வொன்றோடும் அது தரும் சுகம் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. ஆகவே அந்த முடிச்சுகளை அவிழ்ப்பதில் தொடங்குங்கள். உறுதி பின்னால் வரும். ஒரு தேதி குறியுங்கள். முந்தைய இரவே சிகரெட், தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அகற்றுங்கள். சில வாரங்களுக்குப் பெட்டிக்கடை இல்லாத வழியில் நடங்கள். ஏக்கம் எழும்போது சில நிமிடங்கள் தாக்குப்பிடித்தால் அது தணியும். முதல் சில நாட்கள்தான் மிகக் கடினம். 2 முதல் 4 வாரங்களில் உடலின் தவிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.

“நிகோடின் சூயிங்கம் மெல்வது இன்னொரு அடிமைத்தனம் இல்லையா?” என்று சிலர் தயங்குகிறார்கள். புற்றுநோயைத் தருவது எரியும் புகையிலையின் தாரும் நச்சுகளும். சூயிங்கத்தில் அந்தப் புகை இல்லை. மருத்துவர் சொல்லும் அளவில் அதைப் பயன்படுத்தினால் வெற்றி வாய்ப்பு கூடுகிறது. “இத்தனை வருஷம் புகைத்தாயிற்று, இனி என்ன பயன்?” என்பது இன்னும் ஆபத்தான வாதம். பிரிட்டன் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான ஆய்வில், 40 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 9 ஆண்டுகளும், 60 வயதில் விட்டவர்களுக்குக்கூடச் சுமார் 3 ஆண்டுகளும் ஆயுள் கூடியிருந்தது. முன்பு முயன்று தோற்றிருந்தால், எந்த நேரத்தில் வழுக்கினீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்; இம்முறை காவலை அங்கே போடுங்கள். தனியாக முடியவில்லை என்றால் 1800 11 2356 என்ற கட்டணமில்லா அரசு எண்ணை இன்றே அழையுங்கள்.