மின்சாரத்தில் பிறந்த ஒலி

1980-களின் தமிழ்த் திரைப்பாடல் ஒன்றைப் போட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள், "என்ன தாத்தா, ஒரே கீபோர்டு சத்தம்!" என்று முகம் சுளிக்கிறார்கள். நமக்கோ அதே சத்தம் மண்டி மொஹல்லாவில் டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்த நாட்களைக் கண்முன் கொண்டு வருகிறது. அது எப்படி உண்டாகிறது, அதன்மேல் நமக்கு ஏன் இத்தனை பற்று என்பதைப் பிள்ளைகளுக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

வீணைத் தந்தி விநாடிக்கு 220 முறை அதிர்ந்தால், 440, 660, 880 என்று அதன் மடங்குகளும் கூடவே மெலிதாக ஒலிக்கும். இந்தக் கலவைதான் வீணையை வீணை என்றும் குழலைக் குழல் என்றும் காட்டிக் கொடுக்கிறது. சிந்தசைசரில் தந்தியும் இல்லை, மூச்சும் இல்லை. ஆஸிலேட்டர் என்ற மின்சுற்று, மடங்குகள் நிறைந்த கரகரப்பான அலை ஒன்றைத் தரும். அதில் வேண்டாதவற்றை ஃபில்டர் வெட்டிவிடும். ரயில்வே சிக்னல், டெலிபோன் பிரிவில் காலம் கழித்த எனக்கு இது பழகிய சங்கதி. டெலிபோன் லைனில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். சொந்த மனைவியின் குரல்கூட அதில் சற்று வேறாகக் கேட்பது அதனால்தான். அடுத்தது, ஒலி எழும்பி அடங்கும் விதம். வீணையை மீட்டினால் சட்டென்று எழும்பி மெல்லத் தேயும். குழலோ மெதுவாக எழும்பி மூச்சுள்ளவரை நிற்கும். இதையும் சிந்தசைசரில் திருகி அமைத்துக் கொள்ளலாம்.

1983-இல் யமஹா வெளியிட்ட டிஎக்ஸ்7 இதற்கு வேறொரு வழியில் போயிற்று. நம் பாடகர்கள் கமகத்தில் ஸ்வரத்தை அசைக்கிறார்கள் அல்லவா? அந்த அசைவை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஆக்கினால், காதுக்கு அசைவு தெரியாது. புதிய தொனி ஒன்றே கேட்கும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967-இல் கண்டது இதைத்தான். மணியோசையும், கண்ணாடியைத் தட்டினாற்போன்ற பியானோ ஒலியும் இந்த வழியில் அருமையாக வரும்.

டொராண்டோவில் வளர்ந்த என் தங்கை மகனுக்கும் இந்த ஒலிகள்மேல் தீராத ஏக்கம் உண்டு. ஆனால் அவனுக்கு நினைவில் நிற்பவை வேறு. அங்கே 1984 ஆகஸ்டில் 'மச்மியூசிக்' என்ற தொலைக்காட்சி தொடங்கிப் பாட்டுக்கான படங்களை நாள் முழுதும் காட்டியது. மாண்ட்ரியலின் 'மென் விதவுட் ஹேட்ஸ்' குழுவின் பெயரைச் சொன்னால், பழங்கால ஆங்கிலக் கிராமத்தில் அதன் பாடகர் ஆடிய ஆட்டம்தான் அவனுக்கு முதலில் ஞாபகம் வரும். 'ரஷ்' குழுவில் மூன்றே பேர். கெடி லீ பாடிக்கொண்டே கிடார் வாசித்து, கையாலும் காலாலும் சிந்தசைசரையும் இயக்கினார். அங்கே இல்லாத ஆளுக்கு ஈடாக இயந்திரம் வந்தது.

நமக்குப் படம் ஏது? வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' சென்னைவாசிகளுக்குத்தான். அந்த அலை மைசூருக்கு எட்டாது. நமக்கு வாய்த்தது கேசட். படமில்லாமல் கேட்டதால் ஒவ்வொரு தொனியும் மனத்தில் தங்கிப் போயிற்று என்பது என் எண்ணம்.

நம் ஊர்க் கதை கனடாவுக்கு நேர் மாறு. இளையராஜாவிடம் வயலின் குழு, புல்லாங்குழல், தபேலா எல்லாம் இருந்தன. சிந்தசைசர் அவற்றின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கே. பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' (1986) படத்தின் கருப்பொருள் இசையில், ஸ்வரங்களை நினைவில் வைத்துத் தானே வாசிக்கும் சீக்வென்சர் என்ற கருவி பயன்பட்டது. அந்நாளில் திலீப் என்று அழைக்கப்பட்ட ஏ.ஆர். ரகுமானும் அவரிடம் கீபோர்டு வாசித்தவர். அதற்கும் முன்பே, 1982-இல், மும்பையில் சரண்ஜித் சிங் என்பவர் பத்து ராகங்களை இத்தகைய இயந்திரங்களிலேயே வாசித்துப் பதிவு செய்தார். அப்போது அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபின் மேல்நாட்டார் வியந்தார்கள். நம்மவர் ஒருவரைப் பிறர் சொல்லித்தான் அறிய வேண்டியிருக்கிறது!

இயந்திரம் வாத்தியக்காரர்களின் சோற்றைப் பறித்தது என்பார்கள். 1990-களில் கணினி வந்தபின் பலருக்கு வேலை குறைந்தது உண்மை. ஆனால் 1980-களின் பாட்டில் இயந்திரமும் மனிதர் கையும் ஒரே கூடத்தில் இருந்தன. நாம் ஏங்குவது அந்தச் சேர்க்கைக்குத்தான்; பிள்ளைகள் இயந்திரத்தை மட்டும் கேட்டுவிட்டு முகம் சுளிக்கிறார்கள்.

ஞாயிறன்று ஒரு சின்னப் பயிற்சி செய்யுங்கள். மணிரத்னத்தின் முதல் படமான கன்னடப் 'பல்லவி அனுபல்லவி' (1983) பாட்டு ஒன்றை முதலில் போடுங்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தையும் கூப்பிடலாம், இசை நம் ராஜாதான். பிறகு 'புன்னகை மன்னன்' கருப்பொருள் இசை. பல வயலின்கள் சேர்ந்து வாசிக்கும்போது சுருதி மயிரிழை முன்பின் இருப்பதால் ஒலி மினுமினுக்கும். சீக்வென்சர் வாசிப்பதோ எத்தனை முறை வந்தாலும் தாளத்தில் இம்மியும் பிசகாது. எந்த இடத்தில் வில், எந்த இடத்தில் மின்சாரம் என்று பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்கச் சொல்லுங்கள்.