கப்பற் கடிகாரம்

இங்கிலாந்தின் தென்கரையில் சௌதாம்ப்டன் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அந்நகரத்து அருங்காட்சியகத்தில் பழைய கடிகாரம் ஒன்றைக் காணலாம். ஓக்கு மரத்தில் நுண்ணிதின் செதுக்கிய பலகையின் நடுவே அது பொருந்தியுள்ளது. அதன் இருமருங்கும் மகளிர் உருவங்கள் இரண்டு. ஒருத்தியின் பெயர் மாண்பு. மற்றொருத்தியின் பெயர் புகழ். அவ்விருவரும் காலத்திற்கு முடிசூட்டுகின்றனர் என்பது அச்சிற்பத்தின் கருத்து.

இக்கடிகாரம் ஒரு காலத்தில் கடலில் மிதந்தது. பெல்ஃபாஸ்ட் நகரிற் கட்டப்பெற்று, 1911ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் முதற்பயணம் புறப்பட்ட ஒலிம்பிக் என்னும் பெருங்கப்பலின் மாடிப்படியை இது அணி செய்தது. அக்கப்பலின் நீளம் ஏறத்தாழ 882 அடி.

நிலத்துக் கடிகாரத்திற்கு இல்லாத கடமை ஒன்று கப்பற் கடிகாரத்திற்கு உண்டு. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கின்றது. எனவே 15 பாகைக்கு ஒரு மணி நேரம் வேறுபடும். மேற்கு நோக்கிச் செல்லும் கப்பலில் நண்பகல் நாள்தோறும் பிந்தும். ஆதலால் கப்பலின் நேரத்தைச் சிறிது சிறிதாகப் பின்னுக்குத் தள்ளுவர். நியூயார்க்கு சேர்வதற்குள் அவ்வாறு ஏறத்தாழ 5 மணி நேரம் தள்ளவேண்டும். திரும்பும்போது அதனை முன்னுக்குத் தள்ளவேண்டும். ஒலிம்பிக் கப்பலில் 48 மின்சாரக் கடிகாரங்கள் இருந்தன. கடற்படங்கள் வைக்கும் அறையில் இருந்த இரண்டு தலைமைக் கடிகாரங்கள் அவை அனைத்தையும் ஒருசேர இயக்கின.

ஒலிம்பிக் கப்பலுக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள். அவளே டைட்டானிக். இருவர்க்கும் ஏறக்குறைய ஒரே வடிவம். ஒரே அமைப்புடைய மாடிப்படி. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 11 மணி 40 நிமிடத்திற்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதிற்று. 2 மணி 40 நிமிட நேரத்தில் அது கடலுள் ஆழ்ந்தது. கப்பலில் இருந்தோர் ஏறத்தாழ 2,200 பேர். உயிர்காக்கும் படகுகளிலோ 1,178 பேருக்கே இடம் இருந்தது. சுமார் 1,500 பேர் மாண்டனர்.

அவ்விரவில் ஒலிம்பிக் ஏறத்தாழ 500 கடல் மைல் தொலைவில் இருந்தது. கம்பியில்லாத் தந்தியால் செய்தி அறிந்து முழு வேகத்துடன் விரைந்தது. எனினும் காலத்தில் சேர இயலவில்லை. உயிர் பிழைத்தோரைக் கார்ப்பேத்தியா என்னும் கப்பல் ஏற்றிக்கொண்டது. அவர்களைத் தான் ஏற்றுக்கொள்வதாக ஒலிம்பிக் தெரிவித்தது. மூழ்கிய கப்பலையே ஒத்த கப்பலைக் கண்டால் அவர்கள் துயரம் பெருகுமே என்று அஞ்சி, கார்ப்பேத்தியாவின் தலைவர் அதற்கு இசையவில்லை.

பத்து நாள் கழித்து, ஏப்ரல் 24ஆம் நாள், ஒலிம்பிக் மீண்டும் புறப்பட இருந்தது. மிகுதியான படகுகள் அவசரமாக ஏற்றப்பட்டிருந்தன. அவை பழம்படகுகள், நம்பத்தக்கன அல்ல என்று கூறி, உலைக்கு நிலக்கரி இடும் தொழிலாளர் கப்பலைவிட்டு இறங்கினர். அப்பயணமே நின்றது. அவ்வாண்டின் இறுதியிற் கப்பல் பட்டறைக்குச் சென்றது. கப்பலின் பக்கங்களுக்கு இரட்டைச் சுவர் அமைத்தனர். ஏறுவோர் அனைவர்க்கும் போதிய படகுகள் வைத்தனர்.

அதன்பின் ஒலிம்பிக் நெடுங்காலம் உழைத்தது. முதல் உலகப் போரிற் படைவீரரை ஏற்றிச் சென்றது. 1918இல் பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை மோதி அழித்தது. துயரும் நேர்ந்தது. 1934இல் மூடுபனியில் ஒரு கலங்கரைக் கப்பலின்மேல் மோத, அதிலிருந்தோருள் 7 பேர் மாண்டனர். 1935இல் ஒலிம்பிக் ஓய்வு பெற்றது. அதன் அலங்காரப் பொருள்கள் ஏலத்திற் சென்றன, உடல் உடைக்கப்பட்டது. கடிகாரம் எஞ்சியது.

மாணவர்களே! டைட்டானிக்கை அறியாதார் இலர்; ஒலிம்பிக்கை அறிந்தார் சிலரே. மாலுமி கடிகார முள்ளைப் பின்னுக்குத் தள்ளலாம்; கடந்த அந்த 2 மணி 40 நிமிடத்தைப் பின்னுக்குத் தள்ள ஒருவராலும் இயலவில்லை. இயன்றது ஒன்றே. அடுத்த பயணத்திற்குப் போதிய படகுகளை வைப்பது. 'இப்படகு ஆகாது' என்று துணிந்து சொன்ன உலைத் தொழிலாளருக்கு அப்பலகையில் உருவம் இல்லை. ஆயினும் மாண்பு சூட்டும் முடியில் அவர்களுக்கும் பங்கு உண்டு.