கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்: கரகரப்பு எங்கிருந்து வருகிறது?

கிளாஸ் டி என்றாலே "சத்தம் வரும், இனிமை வராது" என்று ஒரு பேச்சு உண்டு. பழியை ஐ.சி. மேல் போட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால் பாதிக் குற்றம் பவர் சப்ளையுடையது.

தியரி தெரிந்ததுதான். ஒலி சிக்னலை முக்கோண அலையோடு ஒப்பிட்டால் அகலம் மாறும் துடிப்புகள் கிடைக்கும். வெளியீட்டு மாஸ்ஃபெட்டுகள் முழு ஆன் அல்லது முழு ஆஃப், நடுவில் நிற்பதில்லை. கிளாஸ் பி-யின் திறன் உச்சமே 78.5 சதவீதம், இது 90-ஐத் தாண்டும். (வைவாவில் கேட்பார்கள்!)

கடையில் கிடைக்கும் டிபிஏ 3116 போர்டையே எடுத்துக்கொள்வோம். 100 வாட் என்று சொல்லி விற்பார்கள். நாம 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரை மாட்டுவோம். உள்ளே போவதே 24 வாட். 100 எங்கிருந்து வரும்? பேஸ் அடிக்கும்போது வோல்டேஜ் இறங்கி அலையின் தலை வெட்டுப்படும். அதுதான் கரகரப்பு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 12 வோல்ட்டில் கணக்குப்படியே 9 வாட்தான். 24 வோல்ட்டில் 36. ஐ.சி.யின் எல்லை 26 வோல்ட், ஆகவே 24-ஓடு நிறுத்துங்கள். போர்டில் 25 வோல்ட் கெபாசிட்டர் இருந்தால் முதலில் 35 வோல்ட் போடுங்கள். சப்ளை ஒயர் தடிமனாக, குட்டையாக இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை வந்தது நான்தான். அப்பா மைக் செட் வேலை. எல்லா ஸ்பீக்கர் மைனஸையும் சேர்த்து முறுக்கி கிரவுண்டில் போடுவது அவர்கள் பழக்கம். இந்த போர்டில் அது கூடவே கூடாது. பிரிட்ஜ் வெளியீடு என்பதால் இரண்டு முனையிலும் சிக்னல் உண்டு. "அப்ப ரெண்டுமே பிளஸ்ஸாடா?" என்றார் அப்பா. ஒரு வகையில் ஆமாம். லேபில் சிஆர்ஓ புரோப் கிளிப்பையும் ஸ்பீக்கர் முனையில் மாட்டாதீர்கள்; அது எர்த்தோடு சேர்ந்தது.

அடுத்தது கெயின். இந்த ஐ.சி.யில் 20 முதல் 36 டெசிபல் வரை வைக்கலாம். அதாவது 10 மடங்கிலிருந்து சுமார் 63 மடங்கு. கூட்டினால் "ஸ்ஸ்" இரைச்சலும் சேர்ந்தே கூடும். சிக்னல் போதுமான அளவு வந்தால் 20 போதும்.

வெளியீட்டில் 10 மைக்ரோஹென்றி சுருளும் 0.68 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்து சுமார் 61 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வடிகட்டும். 400 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங் அங்கேயே அடங்கும். பாட்டு ஓடும்போது சுருள் கைவைக்க முடியாமல் சுட்டால், கோர் சின்னது என்று அர்த்தம். மாற்றிவிடுங்கள். உள்ளீட்டு ஷீல்டு ஒயரை அந்தச் சுருள் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

மீதிக் காசு இருந்தால் ஸ்பீக்கரில் போடுங்கள். உணர்திறன் 3 டெசிபல் கூடிய ஸ்பீக்கர் வாங்கினால், ஆம்ப்ளிஃபயர் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.